நரம்பின் நுனியைக் கண்டவர்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

சென்ற பருவத்தில் என் செய்முறைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தில் சிவப்பு மையால் பெரிய பெருக்கல் குறி ஒன்று விழுந்தது. அந்தக் குறிதான் என்னை இந்தக் கட்டுரையில் கொண்டுவந்து விட்டது என்றால் வகுப்பு நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நடந்தது அதுதான்.

அன்று எங்களுக்குக் கொடுத்தது பாலூட்டியின் சிறுமூளை வெட்டு. துறையின் அலமாரியில் எத்தனையோ ஆண்டுகளாக இருந்து வரும் ஸ்லைடு. ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றியது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து இரண்டு நிமிடம் பார்த்தேன். பின்பு பாடநூலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படம் வரைந்தேன். கிளை கிளையாகப் பிரிந்து விசிறிபோல் விரிந்த பர்கின்ஜி செல். நன்றாகவே வந்திருந்தது என்பது என் எண்ணம். பேராசிரியர் படத்தைப் பார்த்தார். ஸ்லைடையும் பார்த்தார். இந்த மரம் இதில் எங்கே இருக்கிறது, காட்டு என்றார்.

தேடினேன். கண்ணாடியை இப்படியும் அப்படியும் நகர்த்தித் தேடினேன். வரிசையாகச் சில துளிகள் தெரிந்தன. அவற்றின் கீழே கடுகைக் கொட்டியதுபோல் நெருக்கமான புள்ளிகள். மேலே ஒன்றுமே இல்லாததுபோல் வெளிறிய ஒரு பட்டை. மரம் இல்லை. நீ காணாத மரத்தை வரைந்திருக்கிறாய். அதை யார் கண்டது என்றாவது தெரிந்துகொண்டு வா என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த மரத்தைக் கண்டவரைத் தேடிப் போனபோது கிடைத்தவர்தான் சாந்தியாகோ ரமோன் இ கஹால். ஸ்பெயின் நாட்டவர். நரம்பியலின் தந்தை என்று நம் பாடநூல் ஒரே வரியில் கடந்துவிடுகிற பெயர்.

அவர் பிறந்தது 1852 மே முதல் நாள், பெட்டில்லா தே அரகோன் என்னும் மலைச் சிற்றூரில். தந்தை ஹுஸ்தோ ரமோன் மிக எளிய குடும்பத்தில் பிறந்து, மயிர் வினைஞரிடம் வேலை பார்த்து, அறுவைக்காரராகி, பின்னும் படித்து முழு மருத்துவரானவர். இப்படி மேலே வந்தவர்களுக்குத் தம் பிள்ளை ஒரு படிகூடக் கீழே இறங்கிவிடக் கூடாது என்ற அச்சம் இருக்கும். மகனும் மருத்துவனாக வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. மகனுக்கோ படம் வரைவதில்தான் உயிர். கையில் கரித்துண்டு கிடைத்தால் எந்தச் சுவரும் தப்பாது.

ஒருநாள் தந்தை இந்த வழக்கைத் தீர்த்துவிட நினைத்தார். ஆயெர்பே என்ற ஊரில் மாதா கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்திருந்த ஒரு சுவர்ப் பூச்சுக்காரரிடம் பையன் வரைந்த புனிதர் படத்தைக் காட்டி, இவனுக்குத் திறமை உண்டா என்று கேட்டார். அந்த மனிதர் பார்த்துவிட்டு, இது கிறுக்கல், இவன் ஓவியனாக மாட்டான் என்று சொல்லிவிட்டார். அதோடு வீட்டில் தூரிகைக்குத் தடை விழுந்தது. உலகத்திலேயே மிகுதியாக அச்சான அறிவியல் படங்கள் சிலவற்றை வரையப் போகிற கைக்குக் கிடைத்த முதல் மதிப்பீடு இது!

பையனும் சாதுவல்லன். பள்ளியில் பிரம்படி, பட்டினித் தண்டனை, தனியறைக் காவல் எல்லாம் பார்த்தவன். பதினொரு வயதில் மரக்கட்டையைக் குடைந்து பீரங்கி செய்து, பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் கதவின்மேல் வெடித்துப் பார்த்தான். கதவு போயிற்று. ஊர்ச் சிறையில் சில நாள் இருக்க நேர்ந்தது. தந்தை அவனை முடிதிருத்துவோரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டுப் பார்த்தார். செருப்பும் நன்றாகவே தைத்தானாம்.

மாற்றம் 1868 கோடையில் வந்தது. தந்தை அவனை ஒரு பழைய இடுகாட்டுக்கு அழைத்துப் போனார். வெளியில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து எலும்பியல் கற்பித்தார். பதினாறு வயதுப் பையனுக்கு அவை வரைவதற்குரிய பொருளாகத் தோன்றின. மேடு, பள்ளம், துளை, விளிம்பு எல்லாவற்றையும் வரைந்து வரைந்தே மனத்தில் ஏற்றிக்கொண்டான். தந்தையும் மகனும் ஒரே மேசையில் சமாதானமாக உட்கார்ந்தது அப்போதுதான்.

சரகோசாவில் மருத்துவப் பட்டம் 1873-இல் கிடைத்தது. உடனே படையில் சேர்க்கப்பட்டு 1874-இல் கியூபாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே சதுப்பு நிலத்து மருத்துவ முகாம்களில் பகைவரைவிடக் கொசுவே கொடியது. மலேரியா அவரை எலும்பும் தோலுமாக ஆக்கி 1875-இல் திருப்பி அனுப்பியது. அங்கே சேர்ந்த சம்பளத்தின் மிச்சத்தைக் கொண்டு தமக்கென ஒரு நுண்ணோக்கி வாங்கிக்கொண்டார். பிற்பாடு காசநோய் வேறு வந்து போயிற்று. 1879-இல் சில்வேரியா என்ற பெண்ணை மணந்தார். பெரிய குடும்பம், சிறிய வருமானம். அந்த வருமானத்திலிருந்துதான் இரசாயனங்களும் வாங்க வேண்டும், அச்சுக்கூலியும் கொடுக்க வேண்டும். அந்த அம்மையார் வீட்டுச் செலவைச் சுருக்கிக் கொடுத்த பணம் இல்லாவிட்டால் இந்தக் கதை நடந்தே இருக்காது என்பது என் கருத்து. அறிஞர் வரலாறுகளில் இத்தகைய அம்மையாருக்குக் கிடைக்கும் இடம் எப்போதும் ஒரு வாக்கியம்தான். நானும் அதைத்தான் செய்கிறேன்.

வலென்சியாவில் உடற்கூற்றுப் பேராசிரியராக இருந்தபோது, 1885-இல் அங்கே காலரா பரவியது. அதை ஆராய்ந்து அவர் கொடுத்த அறிக்கைக்காகச் சரகோசா மாகாண ஆட்சியினர் ஒரு ட்ஸைஸ் நுண்ணோக்கியைப் பரிசாக அளித்தனர். பொன்னும் பட்டயமும் கொடுக்காமல் கருவியைக் கொடுத்த அந்த அலுவலர்கள் யாரோ, அவர்கள் வாழ்க.

இனி அவர் எதிர்கொண்ட கேள்விக்கு வருவோம். உடலின் உறுப்புகள் எல்லாம் தனித்தனிச் செல்களால் ஆனவை என்பதை அறிவியல் உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. மூளைக்கு மட்டும் விலக்கு. நரம்புச் செல்களின் கிளைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, மூளை முழுவதும் ஒரே வலையாக இருக்கிறது என்று பெரிய அறிஞர்கள் நம்பினார்கள். சாயம் ஏற்றிப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. எங்கே ஒரு நார் முடிகிறது, எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இது வெறும் உடற்கூற்றுச் சண்டை அன்று. மூளை ஒரே வலையானால் செய்தி எந்தத் திசையிலும் ஓடலாம். எந்த இடத்தையும் தனியே மாற்ற முடியாது. தனித்தனிச் செல்களானால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி தாவும் இடம் என்று ஒன்று இருக்கவேண்டும். அந்த இடம் வலுப்படலாம், நலியலாம். நாம் ஒன்றைக் கற்பதும் மறப்பதும் அங்கே நிகழலாம்.

இத்தாலியில் அப்பியாத்தெகிராசோ என்ற ஊரின் மருத்துவமனையில், சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு வேலை செய்த கமில்லோ கோல்ஜி 1873-இல் ஒரு புதிய சாயமுறையைக் கண்டுபிடித்திருந்தார். மூளைத்துண்டைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டில் ஊறவைத்து, பின் வெள்ளி நைட்ரேட்டில் இட்டால், நூற்றில் ஒன்றிரண்டு செல்கள் மட்டும் அடியிலிருந்து நுனிவரை கன்னங்கரேல் என்று ஆகும். மற்றவை நிறமே ஏறாமல் நிற்கும். அடர்ந்த கருவேலங்காட்டில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் கரி பூசியதுபோல. எந்தச் செல் கறுக்கும், எது கறுக்காது என்பது யார் கையிலும் இல்லை. அந்த முறை பதினான்கு ஆண்டுகள் பலராலும் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1887-இல் மாட்ரிட்டில் லூயிஸ் சிமாரோ என்ற மருத்துவர் அத்தகைய ஸ்லைடு ஒன்றைக் கஹாலுக்குக் காட்டினார். மஞ்சள் பின்னணியில் மை எழுத்துப்போல் தெளிவாக நின்ற அந்தச் செல்லைப் பார்த்த பிறகு அவருக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

அந்த ஆண்டே அவர் பார்சிலோனாவுக்கு மாறினார். வீட்டிலேயே ஆய்வு. அவர் செய்த மாற்றங்கள் இரண்டு. வெள்ளிக் குளியலை ஒருமுறைக்குப் பதில் இருமுறை கொடுத்தார். இன்னொன்று அதைவிட எளியது, அதனாலேயே பெரியது. முதிர்ந்த மூளையை விட்டுவிட்டுக் கருவின் மூளையையும் பிறந்த சில நாளே ஆன குஞ்சின் மூளையையும் எடுத்துக்கொண்டார். முதிர்ந்த நரம்பு நாரைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை இருக்கும். வெள்ளி அதற்குள் நுழையாது. இளம் மூளையில் அந்த உறை இன்னும் வளர்ந்திருக்காது. கிளைகளும் குறைவு, தூரமும் குறைவு. ஒரு நாரைப் புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம்வரை ஒரே வெட்டில் தொடர்ந்து பார்த்துவிடலாம்.

அப்படி அவர் முதலில் கையில் எடுத்தது பறவையின் சிறுமூளை.

ஏன் சிறுமூளை என்று நானும் யோசித்தேன். மூளையின் மற்றப் பகுதிகளில் இல்லாத ஒழுங்கு அங்கே இருக்கிறது. மூன்றே அடுக்கு. நடுவில் பர்கின்ஜி செல்கள் ஒற்றை வரிசையில். ஒவ்வொன்றின் கிளைப்பரப்பும் புத்தகத்தில் வைத்து அழுத்திய இலைபோலத் தட்டையானது. எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும். கீழே துகள் செல்கள், எண்ணிக்கையில் அடங்காதவை. அவை ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய நாரை மேலே அனுப்பும். அது மேலடுக்கில் ஆங்கில எழுத்து டி-யைப்போல் இரண்டாகப் பிரிந்து, தட்டையான அந்த மரங்களைக் குறுக்காகத் துளைத்துக்கொண்டு ஓடும். தறியில் பாவுக்கு ஊடை போல என்று வைத்துக்கொள்ளலாம். இவை இணை நார்கள். ஒரே ஒரு பர்கின்ஜி செல்லின் மீது இப்படித் தொடும் இடங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் உண்டு.

1888-இல் கஹால் அங்கே கண்டவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது கூடைச் செல். மேலடுக்கில் இருக்கும் இந்தச் செல்லின் நீண்ட நார், பர்கின்ஜி செல்களின் தலைக்குமேல் கிடையாக ஓடி, இடையிடையே கீழே கிளை விடுகிறது. அந்தக் கிளைகள் பர்கின்ஜி செல்லின் உடலைக் கூடைபோல் சூழ்ந்து பற்றிக்கொள்கின்றன. பற்றிக்கொண்டு, அங்கேயே முடிந்துவிடுகின்றன. உள்ளே புகவில்லை, உருகி ஒட்டவில்லை. சில வெட்டுகளில் கூடை மட்டும் கறுத்திருக்கும். உள்ளிருக்கும் செல் நிறமே ஏறாமல் இருக்கும். முட்டையில்லாத கூடு போல. இரண்டும் ஒரே பொருளாக இருந்தால் ஒன்றில் ஏறிய வெள்ளி மற்றதிலும் பாய்ந்திருக்க வேண்டாமா?

ஏறு நார் என்ற இன்னொன்றையும் கண்டார். கீழிருந்து வரும் ஒரு நார் பர்கின்ஜி மரத்தின் தண்டைப் பிடித்துக்கொண்டு, கொடி மரத்தில் ஏறுவதுபோல் கிளை கிளையாக மேலே படர்கிறது. முதிர்ந்த பர்கின்ஜி செல் ஒன்றுக்கு ஏறு நார் ஒன்றுதான். கொடி மரத்தை எவ்வளவு இறுகச் சுற்றினாலும் கொடி கொடிதான், மரம் மரம்தான். நாரின் நுனி தனியே முடிகிறது, தொடுகிறது, கலக்கவில்லை. கஹால் நிறுவிய உண்மை இந்த ஒன்றுதான்.

பர்கின்ஜி செல்லின் கிளைகளில் நுண்ணிய முட்கள் இருப்பதையும் அதே ஆண்டு அவர் வரைந்து வெளியிட்டார். அது வெள்ளிப் படிவின் அழுக்கு என்றார்கள் பலர். கோல்ஜியும் தம் படங்களில் அந்த முட்களைப் போடவில்லை. கஹால் விடவில்லை. மெத்திலீன் நீலம் என்ற வேறொரு சாயத்திலும் முட்கள் தெரிகின்றன என்று 1896-இல் காட்டினார். இணை நார்கள் பர்கின்ஜி செல்லைத் தொடுவது பெரும்பாலும் அந்த முட்களின் மேல்தான் என்பது இன்று எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவையும் எங்கே வெளியிடுவது? ஸ்பெயினில் அதற்கு ஏடு இல்லை. ஆகவே தாமே ஒரு காலாண்டு ஏட்டைத் தொடங்கினார். முதல் இதழ் 1888 மே மாதம் வந்தது. அச்சானவை 60 படிகள். நம் ஆண்டு மலர் அச்சாகும் எண்ணிக்கையைவிடக் குறைவு என்றே நினைக்கிறேன். பெரும்பகுதியை வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தாமே அஞ்சலில் அனுப்பினார். பதில் இல்லை. ஸ்பானிய மொழியை எந்த உடற்கூற்றறிஞர் படித்தார் அன்று?

இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதப் போகிறேன் என்றதும், இதையெல்லாம் தமிழில் யார் படிப்பார்கள் என்று விடுதி நண்பன் ஒருவன் கேட்டான். கஹாலின் 60 படிகளைச் சொல்லி அவன் வாயை அடைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் மேலும் படித்தபோது அது நேர்மையாகாது என்று தோன்றியது. தாய்மொழியில் எழுதியதால் உலகம் அவரைத் தேடி வரவில்லை. அவர்தான் போனார். கட்டுரைகளைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து அனுப்பினார். அதுவும் போதவில்லை. 1889 அக்டோபரில், தம் பணத்தில் பயணச்சீட்டு வாங்கி, ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு, பெர்லினில் கூடிய ஜெர்மானிய உடற்கூற்றுக் கழகத்தின் மாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவருக்கு ஜெர்மன் வராது. பிரெஞ்சும் தட்டுத்தடுமாறித்தான். நுண்ணோக்கிகளை மேசையில் வரிசையாக வைத்தார்; சிறுமூளை, விழித்திரை, தண்டுவடம் என்று ஸ்லைடுகளைப் பொருத்தினார்; நின்றுகொண்டிருந்தார். ஸ்பெயினிலிருந்து என்ன வந்துவிடப் போகிறது என்ற முகத்தோடு சிலர் வந்தார்கள். வந்தவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் கோலிக்கர். அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த திசுவியல் அறிஞர்; வயது 72. அவரும் வலைக்கொள்கைக்காரர். அவர் குனிந்து பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது மனம் மாறிவிட்டிருந்தது. கஹாலைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தம் நண்பர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காகவே பிறகு ஸ்பானிய மொழி கற்றார். எழுபது வயதுக்கு மேல், ஓர் இளைஞனின் ஸ்லைடைப் பார்த்துத் தம் வாழ்நாள் கொள்கையை விட்டுக்கொடுத்த அந்தக் கிழவரைத்தான் நான் கஹாலைவிடக்கூட வியக்கிறேன்.

அதன்பின் வேகம்தான். 1891-இல் வால்டையர் இந்தக் கருத்துகளைத் தொகுத்து எழுதி, நரம்புச் செல்லுக்கு நியூரான் என்று பெயர் வைத்தார். ஆய்வு ஒருவருடையது, பெயர் வைத்த புகழ் இன்னொருவருக்கு. கஹால் 1892-இல் மாட்ரிட் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1894-இல் லண்டன் ராயல் கழகத்தின் அழைப்பில் பேசச் சென்றபோது, ஷெரிங்டன் என்ற உடலியல் அறிஞரின் வீட்டில் தங்கினார். மூன்று ஆண்டு கழித்து, 1897-இல், நியூரானும் நியூரானும் தொடும் அந்த இடத்துக்குச் சினாப்ஸ் என்று பெயரிட்டவர் அந்த ஷெரிங்டன்தான். 1899 முதல் 1904 வரை கஹாலின் பெருநூல் வெளிவந்தது.

1906-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைக் கோல்ஜிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளித்தார்கள். இருவரும் நேரில் சந்தித்ததே ஸ்டாக்ஹோமில்தான். சாயத்தைக் கண்டவர் ஒருவர். அந்தச் சாயத்தால் உண்மையைக் கண்டவர் இன்னொருவர். மேடையில் கோல்ஜி தம் உரையைக் கஹாலின் கொள்கையை மறுப்பதற்கே செலவிட்டார். மறுநாள் கஹால் தம் உரையில் தாம் கண்டவற்றை விளக்கினார். ஒரே சாயம், ஒரே மூளை, இரண்டு கண்கள். கோல்ஜியை நாம் எள்ளி நகையாடக் கூடாது. சாயம் அவருடையது, அது இல்லாமல் இது இல்லை. ஆனால் அவர் படத்தில் வலை இருந்தது, ஸ்லைடில் இல்லை. என் பதிவேட்டை நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். கஹாலின் படங்களும் ஒரே ஸ்லைடைப் பார்த்து அப்படியே வரைந்தவை அல்ல. காலையில் பல ஸ்லைடுகளைப் பார்ப்பார். பின்னர் நினைவிலிருந்து வரைவார். வரைந்ததை மீண்டும் ஸ்லைடோடு ஒப்பிடுவார். பல வெட்டுகளில் தனித்தனியாகக் கண்ட செல்களை ஒரே தாளில் சேர்த்து வைப்பார். அப்படியானால் அவரும் இல்லாத படத்தைத்தானே வரைந்தார் என்று நான் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் காட்டுவதற்கு ஒரு ஸ்லைடு அவரிடம் இருந்தது. உன்னிடம் இருந்ததா என்று மட்டும் கேட்டார்.

கஹால் கண்டது எல்லாம் சரி என்றும் இல்லை. செய்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர் தம் படங்களில் அம்புக்குறி போட்டார். கிளைகள் வாங்கும், நீண்ட நார் கொடுக்கும் என்ற அந்த விதி பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் ஒரு நியூரான் அடுத்ததைத் தூண்டுவது மட்டுமல்லாமல் அடக்கவும் செய்யும் என்பது அந்த அம்புகளில் இல்லை. 1960-களில்தான் எக்லிஸ் குழுவினர் கூடைச் செல் பர்கின்ஜி செல்லை அடக்குகிறது என்று கண்டார்கள். இரண்டு கைகளால் கழுத்தைப் பற்றிய அந்தப் பிடி ஒரு கடிவாளம்! 1964-இல் ஜப்பானின் மசாவோ இட்டோ இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார். சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியே செய்தி அனுப்புவது பர்கின்ஜி செல் மட்டுமே. அந்தச் செய்தியும் அடக்கும் செய்திதான். அவ்வளவு பெரிய மரம் சொல்வதெல்லாம் வேண்டாம் என்ற ஒரே சொல். கீழே உள்ள உட்கருக்களின் ஓட்டத்தை எப்போது, எவ்வளவு தடுப்பது என்பதில்தான் அதன் திறமை எல்லாம் இருக்கிறது. கல்லைக் குறைத்துக் குறைத்துச் சிற்பி உருவம் எடுப்பதுபோல.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இந்தப் பக்கத்தை அசையாமல் வைத்துக்கொண்டு, தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டிப் படியுங்கள். எழுத்து தெளிவாகவே தெரியும். இப்போது தலையை நிறுத்திவிட்டு, பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். தலை திரும்பும்போது கண்ணை எதிர்ப்புறம் அதே அளவு திருப்பும் ஒரு குறுஞ்சுற்று மூளைத்தண்டில் இருக்கிறது. அந்த அளவு பிசகாமல் பார்த்துக்கொள்வது சிறுமூளை. புதுக் கண்ணாடி போட்ட முதல் நாள் தரை மிதப்பதுபோல் இருக்கும்; சில நாளில் சரியாகிவிடும். கண்ணாடி மாறவில்லை. மாறியது அந்தச் சுற்றின் அளவு.

எப்படி மாறுகிறது? டேவிட் மார் 1969-இலும் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971-இலும் சிறுமூளையின் கட்டமைப்பை வைத்தே ஒரு கொள்கை சொன்னார்கள். லட்சம் இணை நார்கள் இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கின்றன. அந்த ஒரே ஓர் ஏறு நார், தவறு நேர்ந்தது என்று அறிவிக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்த சினாப்ஸ்கள் மாறுகின்றன. வலுக்கும் என்றார் மார். நலியும் என்றார் ஆல்பஸ். 1982-இல் இட்டோ குழுவினர் சோதித்தபோது அவை நலிந்தன. தவறோடு சேர்ந்து நின்ற தொடர்புகளை நலிவித்து நலிவித்தே கை பழகுகிறது. சைக்கிளில் எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை முறையும் அந்தக் கொடி தன் மரத்தை உலுக்கியிருக்கிறது. வேறு இடங்களிலும் வேறு வகையிலும் மாற்றம் நிகழ்கிறது என்று பிந்தைய ஆய்வுகள் சேர்த்திருக்கின்றன. வேலை இன்னும் முடியவில்லை. மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்களில் 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன என்று 2009-இல் எண்ணிச் சொன்னார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ள பகுதியில் எண்ணிக்கையில் ஐந்தில் நான்கு பங்கு! பெரும்பாலும் அந்தக் கடுகுப் புள்ளிகள்தான்.

கஹாலின் பிற்கால வாழ்க்கையை விரிக்க வேண்டியதில்லை. அமைச்சர் பதவி வந்தது, வேண்டாம் என்றார். அரசு அவருக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தபோது தமக்கு வகுத்த சம்பளம் மிகுதி என்று சொல்லிக் குறைக்கச் செய்தார். நிழற்படத்தில் பித்துக்கொண்டு, வண்ணப்படக் கலைபற்றி 1912-இல் ஒரு நூலே எழுதினார். மனைவி 1930-இல் காலமானார். வலைக்கொள்கை மறுபடி தலைதூக்குவதைக் கண்டு, 81 வயதில், 1933-இல், நியூரான் கொள்கைக்குச் சான்றுகளை எல்லாம் தொகுத்து மீண்டும் ஒருமுறை எழுதினார். 1934 அக்டோபர் 17 அன்று மாட்ரிட்டில் இறந்தார்.

அந்த இடைவெளியை அவர் கண்ணால் காணவில்லை. ஒளி நுண்ணோக்கியில் அது தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி சினாப்ஸைப் படம் பிடித்தது 1950-களின் நடுவில். நாரின் நுனிக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி இருந்தது. அவர் இறந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. அவருடைய படங்களும் ஸ்லைடுகளும் இன்றும் ஸ்பெயினில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. 2017-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

துறை அலமாரியில் இருக்கும் எங்கள் ஸ்லைடு வெள்ளிச் சாயம் ஏற்றியது அன்று. சாதாரணச் சாயம் செல்லின் உடலையும் உட்கருவையும் மட்டுமே நன்றாகக் காட்டும்; கிளைகளையும் நுனிகளையும் பிரித்துக் காட்டாது. பருவம் முடிவதற்குள் அதே ஸ்லைடை மறுபடி கேட்டு வாங்கினேன். இந்த முறை பாடநூலைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். ஒற்றை வரிசையில் ஏழு துளிகளை வரைந்தேன். கீழே புள்ளிகளை வைத்தேன். வைத்து முடிக்கக் கை வலித்தது. மேலே கூடையும் கொடியும் முட்களும் இணை நார்களும் நிறைந்திருக்கும் அந்த வெளிறிய பட்டையில், ஆங்காங்கே தெரிந்த நாலைந்து புள்ளிகளைத் தவிர, ஒன்றும் போடாமல் விட்டேன். பேராசிரியர் ஸ்லைடைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தேதியிட்டுக் கையொப்பம் போட்டார்.